வெயில்ல மாட்டு வயித்துக்குள்ள என்ன நடக்குது?

[காட்சி: மதியம் 2 மணி. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. ஒரு ஜெர்சி கலப்பினப் பசு வாயைத் திறந்து மூச்சு வாங்குது. கேமரா வாய்க்குக் கிட்டப் போகுது.]

இந்த மாட்டோட வாயைப் பாருங்க. கீழுதட்டுலேர்ந்து எச்சில் நூல் நூலா இறங்கி, கீழ மண்ணு நனைஞ்சு கிடக்கு. அக்னி நட்சத்திரத்துல கறவை மாடு வெச்சிருக்கிற எல்லாருக்கும் பழகின காட்சிதான். ஆனா இந்த எச்சில் வயித்துக்குள்ள போயிருக்க வேண்டியது. பால் குறையறதுல பாதிக் கதை இங்கதான் இருக்கு.

[காட்சி: பசுவோட இடது விலா. உள்ள இருக்கிற பெருவயிறு வரைபடமா விரியுது.]

மாடு வைக்கோலைத் தானா செரிக்கிறதில்ல. நாரை உடைக்கிற என்சைம் அதோட உடம்புல கிடையாது. அந்த வேலையைச் செய்யறது பெருவயித்துல குடியிருக்கிற நுண்ணுயிர்கள். ஒரு மில்லி திரவத்துல மட்டும் 1,000 கோடிக்கு மேல பாக்டீரியா இருக்கும். கூடவே புரோட்டோசோவா, பூஞ்சை, மீத்தேன் உண்டாக்குற ஆர்க்கியா. இதுங்க தீவனத்தை நொதிக்க வெச்சு அசிட்டிக், புரோபியானிக், பியூட்ரிக்னு அமிலங்களா மாத்தும். மாட்டுக்கு வேண்டிய சக்தியில ஏறக்குறைய 70 சதவீதம் இந்த அமிலங்கள்லேர்ந்துதான் வருது. பால்ல கொழுப்பு உண்டாக முக்கியமா வேண்டியது அசிட்டிக் அமிலம்.

நொதிக்கும்போது சூடு கிளம்பும். மாட்டோட உடம்புச் சூடு 38.5 டிகிரி செல்சியஸ்னா, பெருவயிறு அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். வெளியேயும் சூடு, உள்ளேயும் சூடு. அதனால மாடு தீனியைக் குறைச்சுக்குது. அதுலயும் முதல்ல ஒதுக்கறது வைக்கோலை.

[காட்சி: நிழல்ல படுத்து அசைபோடுற மாடு. தாடை அசையறது மட்டும் கிட்டத்துல.]

நல்லா அசைபோடுற பசு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல உமிழ்நீர் சுரக்கும். அதுல பைகார்பனேட் இருக்கு. நம்ம வீட்டு ஆப்பசோடாவுல இருக்கிற அதே சரக்கு. பெருவயிறு புளிச்சுப் போகாம காப்பாத்துறது இதுதான். வெயில் காலத்துல அசைபோடுறது குறையுது, அதனால சுரப்பே குறையுது. சுரக்கறதுலயும் ஒரு பகுதி தரைக்குப் போகுது. இதுக்கும் மேல, கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு நடக்குது. மாடு இரைக்க இரைக்க மூச்சு விடும்போது ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிடுது. ரத்தம் காரத்தன்மைக்குச் சாயும். அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட்டை மூத்திரத்துல தள்ளிடும். அப்போ விழுங்கற கொஞ்ச உமிழ்நீர்லயும் அந்தச் சோடா சத்து குறைஞ்சுடும்.

அமிலத்தை அடக்க ஆள் இல்லன்னா வயித்துல யார் பிழைப்பாங்க? நாரைச் செரிக்கிற ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள், பிஹெச் 6-க்குக் கீழ போனா சுணங்கிடும் (பிஹெச் குறையக் குறைய புளிப்பு கூடுதுன்னு அர்த்தம்). மாவுச்சத்தைத் தின்னு வாழுற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் அந்தப் புளிப்புலயும் பெருகும். பெருகி லாக்டிக் அமிலத்தை விடும், இன்னும் புளிக்கும். நார் செரிக்காததால அசிட்டிக் குறையும். தண்ணியே கலக்காத பாலுக்கும் சொசைட்டியில ஃபேட் இறங்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

[காட்சி: குடல் சுவரோட செல்கள். நடுவுல இடைவெளி விழுது.]

தீனி குறைஞ்சதாலதான் பால் குறைஞ்சுதுன்னு நாம நினைக்கிறோம். அமெரிக்காவுல அரிசோனாவுல இதைச் சோதிச்சாங்க. ஆய்வு வெளிவந்தது 2009-ல. சூட்டுல நின்ன மாடு எவ்வளவு தின்னுச்சோ, அதே அளவைத்தான் குளிர்ச்சியான இடத்துல இருந்த மாட்டுக்கும் கொடுத்தாங்க. பால் குறைஞ்சதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குக்குத்தான் தீனி காரணம்னு தெரிஞ்சுது.

மீதிக்கு ஆராய்ச்சியாளர்கள் முக்கியமா சொல்றது குடலை. சூட்டை வெளியேத்த ரத்தம் தோலுக்கு ஓடுது, குடலுக்குப் போற ரத்தம் குறையுது. குடல் சுவர் செல்களோட பிணைப்பு தளர்ந்து, செத்த பாக்டீரியாவோட நச்சு ரத்தத்துல கலக்குது. அதோட சண்டை போட நோய் எதிர்ப்பு செல்கள் குளுக்கோஸை அள்ளித் தின்னும். பால்ல லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை உண்டாக வேண்டியதும் அதே குளுக்கோஸ்தான். பாலோட அளவைத் தீர்மானிக்கிறது லாக்டோஸ்.

[காட்சி: தொட்டியில சோத்துக் கஞ்சி ஊத்துறாங்க. படம் உறையுது.]

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு பதறுது. பால் குறையுதேன்னு அக்கறையில கஞ்சியையும், மிஞ்சின சோத்தையும், கூடுதலா அடர் தீவனத்தையும் போடுறோம். சோடா சத்து குறைஞ்ச வயித்துல மாவுச்சத்தைக் கொட்டினா, ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு விருந்து வைக்கிறோம்னு அர்த்தம்.

மாத்த வேண்டியது முதல்ல நேரத்தை. தின்ன சில மணி நேரம் கழிச்சுத்தான் நொதிக்கிற சூடு உச்சத்துக்குப் போகும். அதனால விடியக்காலையிலயும், பொழுது சாய்ஞ்ச பிறகும் தீனி போடுங்க. வைக்கோல், சோளத்தட்டை ராத்திரிக்கு. பகல்ல நறுக்கின பசுந்தீவனம் கொஞ்சம் போதும். தண்ணித்தொட்டி நிழல்ல, எப்பவும் நிறைஞ்சு இருக்கணும். சோடியம் பைகார்பனேட் தீவனத்துல கலக்கலாம். அளவு மாட்டோட எடை, கறவையைப் பொறுத்தது, உங்க கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டுக்குங்க. தண்ணி தெளிச்சா காத்தாடியும் ஓடணும். காத்து இல்லாம நனைச்சா கொட்டகையில புழுக்கம்தான் ஏறும்.

காங்கேயம், உம்பளாச்சேரி மாதிரி நாட்டு மாடுகள் இந்த வெயிலை இதைவிட நல்லாத் தாங்கும். கறவை கம்மி, அதனால உள்சூடும் கம்மி.

[காட்சி: சாணம், கிட்டத்துல.]

மதியம் விலா அசையறதை எண்ணிப் பாருங்க. நிமிஷத்துக்கு 60-க்கு மேல போனா மாடு சூட்டுல தவிக்குது. பிறகு சாணத்தைப் பாருங்க. தண்ணியா, நுரையோட, முழு தானியம் தெரியற மாதிரி இருந்தா வயிறு புளிச்சிருக்க வாய்ப்பு அதிகம். அடர் தீவனத்தையும் கஞ்சியையும் நிறுத்திட்டு அன்னைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்க.