ஆயாக் கொட்டாயும் எங்க வீட்டு பில்லும்

(மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பொங்கல் ஒன்றுகூடல்ல பேசினது. வேலை இருந்து வரமுடியாதவங்க கேட்டாங்க, அதனால பேசின மாதிரியே எழுதிட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் வாழ்த்துகள். மொதல்ல மேடையில இருக்குற கோயில் தலைவர் ஐயா அவங்களுக்கு என் வணக்கம், ஐயா இல்லன்னா இந்த மண்டபம் நமக்கு ஓசியில கெடைச்சிருக்காது, லைட்டு பில்லு கூட கோயில் கணக்குலயே போட்டுக்குறேன்னு சொல்லிட்டாரு. தமிழ்ப்பள்ளி தலைமையாசிரியை அம்மா வந்திருக்காங்க, பள்ளி தொறந்த வாரத்துல எவ்ளோ வேலை இருக்கும்னு நமக்குத் தெரியும், அதையும் விட்டுட்டு வந்திருக்காங்க, ரொம்ப நன்றி டீச்சர். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அண்ணன், தாமான் குடியிருப்பாளர் சங்கத்து அண்ணன்மாருங்க, விடியக்காத்தால 4 மணில இருந்து பொங்கப் பானைகிட்டயே நிக்கிற மாதர் பிரிவு அக்காமாருங்க, உங்க எல்லாருக்கும் வணக்கம். அப்புறம் முன்வரிசையில உக்காந்திருக்காரு பாருங்க நம்ம தண்டல் தாத்தா, தோட்டத்துல வேலையாளுங்கள மேற்பார்வை பாத்தவரு, 84 வயசு, இன்னிக்கும் சைக்கிள்லதான் வந்தாரு, அவருக்கு ஒரு கைத்தட்டு குடுங்க. தாத்தா, உங்களப் பாத்தா எனக்குப் பெரட்டு மணி, அதான் தோட்டத்துல காலைல பேரு கூப்புடுற மணி, அடிக்கிற மாதிரியே இருக்கு.

இன்னிக்கு நான் ஒரே ஒரு விஷயம் பேசணும்னு வந்திருக்கேன். வேலைக்குப் போற அம்மா அப்பா மாசாமாசம் பில்லு கட்ட முடியாம படுற பாடு, அதுலயும் புள்ளைய பாத்துக்க ஆகுற செலவு.

எங்க பாட்டி எப்பவும் ஒன்னு சொல்லுவாங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடு. அரிசி அளக்குறப்பவும் சொல்லுவாங்க, எண்ணெய் ஊத்துறப்பவும் சொல்லுவாங்க, எனக்குக் கல்யாணம் ஆன அன்னிக்கும் காதுல அதத்தான் சொன்னாங்க. நானும் அளந்துதாங்க போடுறேன். எங்க வீட்டு ஐஸ்பெட்டி மேல ஒரு 555 புக்கு இருக்கு, அந்தக் காலத்துல தவ்கே கடையில கடன் எழுதுவாங்களே அதே சின்ன புக்கு. அதுல ஒவ்வொரு காசும் எழுதுறேன்.

அதுல இருக்குறத அப்படியே படிக்கிறேன், என் கணக்க ஊருக்கு முன்னாடி சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல, ஏன்னா இங்க உக்காந்திருக்குற பாதிப் பேரோட புக்குலயும் இதான் இருக்கும். குறைஞ்சபட்ச சம்பளம் 2013ல 900 வெள்ளியா, அதாவது ரிங்கிட்டா, இருந்துச்சு, 2022ல 1,500 ஆச்சு, 2025 பிப்ரவரி 1ஆம் தேதில இருந்து 1,700. நான் ஃபேக்டரியில வாங்குறது அந்த 1,700தான். அதுல கேடபிள்யூஎஸ்பி சேமநிதிக்கு 187 போயிடும், சொக்சோ காப்புறுதி மத்ததெல்லாம் போக கைக்கு வர்றது 1,501 வெள்ளி சொச்சம். சின்னது ரெண்டையும் பாத்துக்குற அக்காவுக்கு ஆளுக்கு 350, மொத்தம் 700. மூத்தவளுக்கு ஸ்கூல் வேன் 90. பால்மாவும் பெம்பர்ஸும் 260. கரண்டு, தண்ணி, இன்டர்நெட் 190. மிச்சம் 261 வெள்ளி. எங்க வீட்டுக்காரரு செம்பனை லோரி ஓட்டுறாரு, அவரு சம்பளம் வீட்டு வாடகை, மோட்டர் டியூ, மளிகை, எங்க அம்மாவோட இனிப்புநீர் மருந்துன்னு 20ஆம் தேதிக்குள்ள முடிஞ்சிடும். இந்த மாசம் பள்ளி தொறந்துச்சு. அரசாங்கம் புள்ளைக்கு 150 வெள்ளி குடுத்தாங்க, வந்துச்சு, இல்லன்னு சொல்லக்கூடாது, ஆனா சப்பாத்து, ரெண்டு செட்டு யூனிஃபார்ம், பேக்குன்னு வாங்கி முடிக்கிறப்ப அந்த 261ல இருந்தும் எடுத்தாச்சு.

கேஸ் தோம்பு இன்னும் 26 வெள்ளி 60 காசுதான், பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50தான், அது ரெண்டும் நமக்குப் பெரிய உதவி. முட்டைக்கு இருந்த மானியம் 2025 ஆகஸ்ட்ல எடுத்துட்டாங்க. நம்மாளுங்க சேந்தாலே இதத்தான் பேசுவோம், கோழி வெல, மீன் வெல, கரண்டு பில்லு. பேச வேண்டியதுதான். ஆனா நான் என்ன கேக்குறேன்னா, இந்த 555 புக்குல இருக்குறதுலயே பெரிய பில்லு எது? அந்த 700. அதுக்கு மட்டும் பேப்பர்ல பில்லு வராது, சிவப்பு மையில நோட்டீஸ் வராது, அதனால அத ஒரு பில்லுன்னே நாம யாரும் நெனைக்கிறது இல்ல.

அப்ப ஓவர்டைம் செய்யலாமேம்பாங்க. செஞ்சு பாத்தேன். 1,700ஐ 26 நாளால வகுத்து, 8 மணி நேரத்தால வகுத்து, ஒன்றரை மடங்கு போட்டா ஒரு மணி நேரத்துக்கு 12 வெள்ளி 26 காசு. புள்ளைங்கள லேட்டா எடுத்தா மணிக்கு ஆளுக்கு 5 வெள்ளி, ரெண்டு புள்ளைக்கு 10. ஒரு மணி நேரம் மெஷின்கிட்ட நின்னதுக்கு எனக்கு மிச்சம் 2 வெள்ளி 26 காசு. அந்த அக்காவ நான் கொற சொல்லல, தயவுசெஞ்சு யாரும் அப்படி எடுத்துக்காதீங்க, அவங்களும் வாடகை வீட்லதான் இருக்காங்க, என் புள்ளைக்குக் காய்ச்சல்னா ராத்திரி 11 மணிக்கும் போன் அடிச்சு கேப்பாங்க. போன வருஷம் அவங்களுக்கே டெங்கி வந்து ஆஸ்பத்திரியில படுத்துட்டாங்க. எனக்கு வேற ஆள் இல்ல, ஆறு நாள் சம்பளமில்லா லீவு, அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் போச்சு, அந்த மாச கரண்டு பில்லு அடுத்த மாசத்தோட சேந்து வந்துச்சு. எவ்ளோ அளந்து போட்டாலும் அன்னிக்கு அளக்குறதுக்கே கையில ஒன்னும் இல்லங்க.

இப்ப எங்க பாட்டி கதைய சொல்றேன், பெரியவங்களுக்கு இது தெரிஞ்ச கதையாத்தான் இருக்கும், சின்னவங்க கேக்கணும். எல்பில், டவன்பி, ஹீவூட், கமுனிங், நீங்க எந்தத் தோட்டத்துல இருந்து வந்தவங்களா இருந்தாலும் உங்க தோட்டத்துலயும் வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள ஆயா பாத்துக்குற ஆயாக் கொட்டாய் இருந்திருக்கும். எங்க பாட்டி மரம் வெட்டுறவங்க, அதான் ரப்பர் மரத்தக் கீறி பால் எடுக்குறவங்க. விடியக்காலைல இருட்டோட எந்திரிச்சு, புள்ளைய கைலியில சுத்தித் தூக்கிட்டுப் போயி ஆயாகிட்ட விட்டுட்டு, பெரட்டுக்குப் போயி பேரு குடுத்துட்டு, காண்டா வாளியத் தூக்கிட்டு மரம் வெட்டுற நெரைக்குப் போயிடுவாங்க. கொட்டாயில வரிசையா தூளி தொங்கும். ஆயா ஒரு கையால ரெண்டு தூளிய ஆட்டுவாங்களாம், கயிறு கட்டி கால் வெரல்ல இன்னொன்னு.

ஒரு நாள் பாதி நெரையிலயே நல்ல மழை புடிச்சிருச்சு. மழைன்னா வெட்டு கெடையாது, பாலெல்லாம் கொட்டிப் போயிடும், எல்லாப் பொம்பளைங்களும் கொட்டாய்க்கு ஓடி வந்துட்டாங்க. இருட்டு, தகரத்து மேல மழைச் சத்தம், எல்லாப் புள்ளையும் ஒரே நேரத்துல அழுவுது. எங்க பாட்டி அவங்க தூளியில கைய விட்டு புள்ளைய எடுத்து மாருல போட்டு மூடிக்கிட்டு லயத்து வீட்டுக்கு ஓடிட்டாங்க. தோட்டத்துல சாயந்திரம்தான் கரண்டு விடுவாங்க, வீடே இருட்டு. உக்காந்து பால் குடுத்திருக்காங்க. புள்ள பத்து நாள் பட்டினி கெடந்த மாதிரி குடிக்குதாம். பாட்டிக்கு சந்தோஷம் தாங்கல, எம்பொண்ணு இன்னிக்குத்தான் நல்லா குடிக்கிறான்னு. குடிச்சு முடிச்சதும் ஈரத் துணிய மாத்தலாம்னு கைலிய அவுத்துப் பாத்தா, பையன்!

பாட்டி போட்ட சத்தத்துல லயமே கூடிருச்சு. அந்தக் கோடியில இருந்து ஒரு அக்கா எங்கம்மாவத் தூக்கிக்கிட்டு மழையில ஓடி வர்றாங்க, யக்கா உன் புள்ளைக்கும் நான் பால் குடுத்துட்டேங்க்கா, அது ஒரு வாய் குடிச்சுட்டு தூங்கிருச்சுன்னு. ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. மறுநாள் ஆயா என்ன செஞ்சாங்க தெரியுமா, அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பழைய சேலைய கிழிச்சு ஒவ்வொரு தூளிக் கயித்துலயும் ஒரு நிறத்துல துணி கட்டிட்டாங்க. பாட்டிக்கு செவப்பு, அந்த அக்காவுக்குப் பச்சை. அந்தப் பையன் வளந்து பெரியவரானப்புறமும் எங்க பாட்டிய பாலம்மான்னுதான் கூப்புடுவாரு. பாட்டி தவறினப்ப கூலிம்ல இருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து, பேரப் புள்ளைங்களோட சேந்து அவரும் நெய்ப்பந்தம் புடிச்சாரு. யாரும் ஏன்னு கேக்கல.

தோட்டத்துல எல்லாம் சொர்க்கமா இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல, தண்டல் தாத்தா இருக்காரு அவருக்குத் தெரியும், கூலி கொறைச்சல், ஒழுகுற லயம், கஷ்டம்தான். ஆனா எங்க பாட்டி ஆயாவுக்கு எவ்ளோ குடுத்தாங்கன்னு கேட்டப்ப, குடுக்குறதா, தோட்டத்து ஆபீஸ் கிராணிதானம்மா சம்பளம் போடுவாருன்னாங்க. ஆயாவுக்கு சம்பளம் தோட்டத்தோட செலவு. 1990ல வந்த 446ஆம் சட்டம், அதோட நீளத் தலைப்புலயே தொழிலாளிக்கு வீடும் குழந்தைக் காப்பகமும்னு சேத்துத்தான் எழுதியிருக்கு. வீடு எவ்ளோ முக்கியமோ அவ்ளோ முக்கியம் புள்ளைய பாத்துக்குற எடம்னு சட்டம் போட்டவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. தோட்டத்த வித்தாங்க, செம்பனைக்கு வெளிநாட்டு ஆள் வந்தாங்க, நாம டவுனுக்கு வந்தோம், தாமான்ல வாடகைக்குப் போனோம், ஃபேக்டரிக்கு பஸ் ஏறினோம். ஆயாக் கொட்டாய் தோட்டத்து கேட்டோட நின்னுபோச்சு. எங்க பாட்டிக்கு ஓசியா கெடைச்சது எனக்கு 700 வெள்ளி.

இப்ப சட்டத்துல வழி இல்லையான்னா, இருக்கு. 1984 குழந்தைக் காப்பகச் சட்டத்துக்குக் கீழ தஸ்கா, அதாவது குழந்தைக் காப்பகம், நாலு வகை, நிறுவனம் நடத்துறது, வேலையிடத்துல வைக்கிறது, வீட்ல நடத்துறது, அப்புறம் ஒரு ஊரே சேந்து சமூகமா நடத்துறது. நான் கேக்குறது அந்த ஊர் சேந்து நடத்துற தஸ்காவத்தான். நாலு வயசுக்குக் கீழ நாலு புள்ளையோ அதுக்கு மேலயோ காசு வாங்கிப் பாத்தா ஜேகேஎம்ல, அதான் சமூகநலத் துறையில, பதியணும், பாத்துக்குறவங்க குழந்தைப் பராமரிப்பு கோர்ஸ் முடிக்கணும். ஒரு வயசுக்குக் கீழன்னா மூணு புள்ளைக்கு ஒரு ஆள், ஒன்னுல இருந்து மூணு வயசுன்னா அஞ்சு புள்ளைக்கு ஒரு ஆள். அதனாலதான் செலவு ஆகுது, கொறைக்கவும் கூடாது, புள்ளைங்க உசுரு. தஸ்கா செலவுக்கு வருமான வரியில 3,000 வெள்ளி வரைக்கும் கழிவு இருக்காம், நல்லதுதான், ஆனா 1,700 சம்பளத்துக்கு வரியே இல்ல, எதுல போயி கழிக்கிறது? பிரசவ லீவு 2023ல இருந்து 98 நாளு ஆச்சு, அப்பாவுக்கு 7 நாளு. 99ஆவது நாள் புள்ளைய யாருகிட்ட குடுக்குறது, அதுக்கு நாமதான் பதில் தேடணும்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடு. ஆளுக்கு ஆள் தனித்தனியா ஆத்துல போட்டுக்கிட்டு இருக்கோம், அத ஒரே எடத்துல அளந்து போடலாமே. இது ஒன்னும் நமக்குப் புதுசு இல்ல, அதுவும் நம்ம சுங்கை சிப்புட்டுக்குப் புதுசே இல்ல. தோட்டத் துண்டாடல் நடந்தப்ப, தோட்டத்த வாங்கி வெட்டி வெட்டி வித்து நம்மாளுங்க நடுரோட்டுக்கு வந்தப்ப, இந்த ஊரு துன் சம்பந்தன்தான் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. மரம் வெட்டுற தொழிலாளி மாசம் பத்து வெள்ளி கட்டினாங்க. அந்தக் காலத்துல பத்து வெள்ளின்னா சும்மாவா, தாத்தா தலைய ஆட்டுறாரு பாருங்க. அந்தப் பத்துப் பத்து வெள்ளியில தோட்டத்தையே வாங்கினாங்க. மொதல்ல வாங்கினது கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டம். தோட்டத்தையே வாங்கினவங்களோட பேரப்புள்ளைங்க நாம, ஒரு ஆயாக் கொட்டாய் நடத்த முடியாதா?

கோயில் தலைவர் ஐயா, உங்ககிட்ட இந்த மேடையிலயே கேக்குறேன். மண்டபத்துக்குப் பின்னால ஒரு பெரிய ரூம் இருக்கு, பழைய நாற்காலியும் ஒடைஞ்ச பந்தக் காலும் அடைச்சு வச்சிருக்கோம். தனி கக்கூசு இருக்கு, ரெண்டு பக்கமும் ஜன்னல், கேட்டு தனியா பூட்டலாம். போன வாரம் நானும் மாதர் பிரிவு அக்காவும் டேப்பு வச்சு அளந்து பாத்துட்டோம், 30 அடிக்கு 20 அடி. அத எங்களுக்குக் குடுங்க. தலைமையாசிரியை அம்மா, பள்ளி முடிஞ்சு ஒன்னரை மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் படி மேலயே உக்காந்திருக்குற புள்ளைங்கள நீங்க பாக்குறீங்க, அவங்களுக்கும் இங்க எடம் வேணும். கோர்ஸ் போக ஆசப்படுற அக்காமாருங்க இருந்தா சொல்லுங்க, இப்ப நம்ம வீட்டுப் புள்ளைங்கள பாத்துக்குற அக்காமாருங்கதான் மொதல்ல வரணும், அவங்களுக்கும் கேடபிள்யூஎஸ்பி சொக்சோவோட ஒழுங்கான சம்பளம் கெடைக்கணும். புள்ள இருக்குற குடும்பம் மட்டும் இல்ல, பெரியவங்க, புள்ளைங்க வளந்துபோனவங்க, எல்லாரும் மாசம் பத்து வெள்ளி. அப்பாமாருங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், பின்னாடி கார் பார்க்குல நிக்கிற அண்ணன்மாருங்க கொஞ்சம் உள்ள வாங்க, புள்ள உங்களுக்கும்தானே.

பின்னாடி தண்ணி மேசகிட்ட ஒரு புது 555 புக்கும் பேனாவும் வச்சிருக்கேன். மொதப் பக்கத்துல என் பேரு எழுதிட்டேன், ரெண்டாவது தண்டல் தாத்தா பேரு, அவரு வந்தவுடனே பத்து வெள்ளிய எடுத்து என் கையில குடுத்துட்டாரு. பேரு, போன் நம்பர், நாலு வயசுக்குக் கீழ எத்தன புள்ளைங்க, உங்க ஷிஃப்ட் நேரம், இது நாலும் எழுதுங்க. எழுதாம யாரும் பொங்கல் வாங்காதீங்க. நாளையில இருந்து ஒரு வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட், அதனால அடுத்த ஞாயித்துக்கெழம காலைல 10 மணிக்கு அந்த ரூம காலி பண்ணலாம்னு இருக்கோம். வெளக்குமாறும் கையுறையும் கொண்டாங்க. நன்றி, வணக்கம்.