வெள்ளித் தேர்களும் அச்சாணிகளும்

(ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தமிழ் புரியாவிட்டாலும் இரண்டு மணி நேரமாகப் புன்னகை மாறாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே, எங்கள் தமிழ்ப் பாடசாலையை இத்தனை ஆண்டுகளாகக் கட்டிக்காத்துவரும் அதிபர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட மருத்துவர் ஐயா அவர்களே, தாய்மார்களே, இளையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடை போர்த்திய பொருளாளருக்கும், பின்னால் சமையலறையில் நிற்பதால் இவ்வுரையைக் கேட்க முடியாத சகோதரிகளுக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பார்கள். இந்த விழாவின் அச்சாணி அந்தச் சமையலறையில்தான் இருக்கிறது.

ஜேர்மனியின் பழம்பெரும் கார்களைப் பற்றிப் பேசும்படி தலைவர் பணித்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. சென்ற வசந்தத்தில் இந்நகரில் நடந்த பழைய கார்க் கண்காட்சியில் இரண்டு நாள்கள் சுற்றினேன். அங்கே கண்டவற்றை அழகு, வேகம், விலை என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம் என எண்ணுகிறேன்.

முதலில் அழகு. மண்டபத்தின் நடுவே 1930களின் மெர்சிடிஸ் பென்ஸ் 540 கே ஒன்று நின்றது. முன்சக்கரத்தின் மேல் எழும் தகடு, ஒரே வளைவாக இறங்கிக் கதவைத் தாண்டிப் பின்னால் ஓடியது. பொனற்றின் பக்கத்திலிருந்து வெள்ளிபோல் மின்னும் புகைக்குழாய்கள் வெளியே வந்து தகட்டுக்குள் மறைந்தன. உள்ளே எட்டு சிலிண்டர்கள், 5.4 லீற்றர் எஞ்சின். மிதியை அடிவரை அழுத்தினால் காற்றழுத்தி சேர்ந்துகொண்டு, 115 குதிரைத்திறனை 180 ஆக்கிவிடும். அதற்கு அப்பால் 1954இல் அறிமுகமான 300 எஸ்எல், கதவுகளை மேலே விரித்தபடி நின்றது. அந்தக் கதவு அலங்காரத்துக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய குழாய்களைப் பின்னிச் செய்த அதன் சட்டகம் பக்கவாட்டில் உயர்ந்து நிற்பதால், சாதாரணக் கதவுக்கு இடமே இல்லை. எனவே கூரையில் கீல் வைத்தார்கள். உயர்ந்த அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்க வசதியாக, ஸ்டியரிங் வளையத்தையே மடக்கும்படி செய்தார்கள். இடைஞ்சலில் பிறந்த அழகு அது.

குனிந்து, 540 கேயின் தகடும் கதவும் சேரும் இடத்தை விரல் படாமல் பார்த்தேன். விளிம்பு முழுவதும் இடைவெளி ஒரே அளவு. மரச்சட்டத்தின் மேல் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி அந்த வளைவைக் கொண்டுவந்தவர்கள், இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலையின் கைவினைஞர்கள். காருக்கு முன்னால் இருந்த பலகையில் உரிமையாளர் பெயர் இருந்தது. எஞ்சின் அளவு இருந்தது. தட்டியவர் பெயர் இல்லை. எந்தக் காரின் பலகையிலும் இல்லை. கண்காட்சி அலுவலர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கழிவறை இடப்பக்கம் இருக்கிறது என்றார்.

பெயரில்லாத அச்சாணிகளைப் பற்றிப் பேசும்போது, மன்ஹைம் நகரத்து அம்மா ஒருவரின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29ஆம் நாள் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வண்டி இருந்தது, காப்புரிமை கிடைத்தது, வாங்கத்தான் ஆளில்லை. கார்ல் கூச்ச சுபாவம் உள்ளவர். இன்னும் சிறிது திருத்த வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். திருமணத்துக்கு முன்பே தமது சீதனப் பணத்தை அவருடைய பட்டறையில் போட்டிருந்தவர் மனைவி பேர்த்தா. 1888 ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, கணவர் உறங்கிக்கொண்டிருக்கும்போது, பதினைந்து வயது ஒய்கனையும் பதின்மூன்று வயது ரிச்சர்டையும் எழுப்பி, சத்தம் கேட்காதபடி வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்துக் கிளப்பிவிட்டார். எங்கே? தாய்வீட்டுக்கு! ஃபோர்ட்ஸ்ஹைம் நகரம் நூறு கிலோமீற்றருக்கு மேல். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன பெண்களை நாம் அறிவோம். கணவனின் கண்டுபிடிப்பை ஓட்டிக்கொண்டு போனவர் இவர் ஒருவர்தான்.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. அந்நாளில் பெற்றோல் நிலையம் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக் கதவைத் தட்டி, துணிக்கறை நீக்கும் லிக்ரோயின் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியை உருவிக் குத்திச் சுத்தம் செய்தார். மின்கம்பி உராய்ந்து கெட்டது. காலுறை கட்டும் பட்டியை எடுத்துச் சுற்றினார். சங்கிலியைக் கொல்லர் ஒருவர் சரிசெய்தார். மேடு வந்தால் பையன்கள் தள்ளினார்கள். பள்ளத்தில் இறங்கும்போது மரத் தடுப்புக் கட்டைகள் தேய்ந்துபோயின. பவுஷ்லொட் கிராமத்தில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து அவற்றின் மேல் தோலை வைத்து அடிக்கச் செய்தார். தடுப்புத் தோல் பிறந்தது அங்கேதான். மாலையில் ஊர் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். திரும்பி வந்ததும், மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்று சொன்னார். கார்ல் மறுபேச்சின்றிச் சேர்த்தார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொன்னதை, பேர்த்தா நூறு கிலோமீற்றர் ஓட்டிக் காட்டினார். ஆனால் அந்தக் கொல்லரும் செருப்புத் தைத்தவரும் இல்லாவிட்டால் அவரும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

அடுத்தது வேகம். 1934இல் பந்தயக் காரின் எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு முதல் நாள் மெர்சிடிஸ் கார் ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாம். இரவோடு இரவாக வெள்ளைச் சாயத்தைச் சுரண்டியெடுக்க, வெறும் அலுமினியம் பளபளத்து, "வெள்ளி அம்பு" என்ற பெயர் பிறந்ததாம். அணியின் மேலாளர் நொய்பவர் எழுதி வைத்த கதை இது. வரலாற்றாசிரியர்கள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை, ஆனாலும் சுரண்டிய கைகளை நினைத்துக்கொள்கிறேன். நான்கு நிறுவனங்கள் ஒன்றாகி, நான்கு வளையங்களை அடையாளமாகக் கொண்ட ஆட்டோ யூனியனும் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் போட்டியிட்டது. இரண்டு அணிகளுக்கும் நாசி அரசு பணம் கொடுத்தது. போர் வந்தபோது இரண்டு நிறுவனங்களும் கட்டாய உழைப்பாளர்களை வேலை வாங்கின. பலகைகளில் அவர்களும் இல்லை. கார்களின் மினுமினுப்பைப் பார்த்து வாய் பிளந்து நின்ற நான், இதையும் சொல்லக் கடமைப்பட்டவன்.

மூன்றாவதாக விலை. 1955இல் இரண்டே இரண்டு செய்யப்பட்ட 300 எஸ்எல்ஆர் கூபேகளில் ஒன்று, 2022இல் 135 மில்லியன் யூரோவுக்கு விற்பனையானது. ஒரு காருக்கு அதுவரை யாரும் கொடுத்திராத தொகை. இதைப் பற்றி விரிவாகச் சொல்லக் குறிப்பெடுத்து வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அந்தப் பணம் இளைஞர்களின் கல்வி உதவித்தொகைக்கென்று ஒதுக்கப்பட்டது.

அந்த இளைஞர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் கையில் திருகியைப் பிடிப்பார்கள்? என் உறவுக்காரப் பையன் ஒருவன், பதினாறு வயதில் பழைய எஞ்சின் ஒன்றை அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டியவன், கார் மெக்கானிக் வேலைக்கு அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சி செய்ய ஆசைப்பட்டான். மூன்றரை ஆண்டு, பாதி பட்டறை, பாதி பள்ளிக்கூடம், மாதாமாதம் சம்பளம். "எண்ணெய்க் கறையோடு வருகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குக் கொடுத்தார்கள், அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பையன் இன்று விருப்பமில்லாத படிப்பு ஒன்றில் நான்காவது ஆண்டாக இருக்கிறான். கண்காட்சியில் 540 கேயைப் புதுப்பித்தவர்கள் இருவரைச் சந்தித்தேன். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. தங்களுக்குப் பின் தகடு தட்ட ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். அச்சாணி இல்லாத தேர் என்று நான் ஆரம்பித்தால் என் மனைவி கண்ணை மூடிக்கொள்வார், ஆகவே நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரே ஓர் அறிவிப்பு. வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, இம்மண்டப வாசலிலிருந்து லாடன்புர்க் நகருக்குப் பேருந்து புறப்படும். பென்ஸ் குடும்பத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே அங்கு கார் அருங்காட்சியகம் இருக்கிறது. நரைத்த அந்த இருவரும் சுத்தியலோடு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தகட்டைத் தட்டிப் பார்க்கலாம். ஐம்பது இருக்கைகளில் முப்பத்தொன்று நிரம்பிவிட்டது. பெயர்ப்பட்டியல் வடை வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது. பெற்றோர் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.