விண்டோஸ் 10 வைத்திருக்கிறீர்களா? மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜாக்கிரதை!

[கேமராவைப் பார்த்து]

உங்கள் கம்ப்யூட்டருக்குள் எந்த வழியாக நுழையலாம் என்று மாதத்துக்கு ஒரு முறை உலகத்துக்கே துப்புக் கொடுக்கிறார்கள். கொடுப்பது ஹேக்கர் இல்லை, மைக்ரோசாஃப்டேதான். நாளும் கிழமையும்கூட முன்கூட்டியே தெரியும். உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 என்றால் தயவுசெய்து ஸ்கிப் செய்யாதீர்கள், நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

வணக்கம், பெங்களூரு அல்சூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் ஹாரனுக்கு மன்னிக்கவும். அதை நீக்கினால் என் குரலும் சேர்ந்து போய்விடுகிறது.

[திரையில்: மூன்று தேதிகள்]

வரலாறு, ஒரே மூச்சில். விண்டோஸ் எக்ஸ்பிக்கு சப்போர்ட் முடிந்தது 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. சப்போர்ட் முடிந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. புதிதாகத் தெரியவரும் ஓட்டையை அடைக்க ஆள் வரமாட்டார், அவ்வளவுதான்.

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் இன்னமும் விண்டோஸ் 7. ஊரில் உள்ள பென் டிரைவெல்லாம் அதில்தான் செருகப்படுகிறது. அதே கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து ஆதாரைப் பிரிண்ட் எடுக்கிறார்கள், லாக் அவுட் செய்யாமல் போகிறார்கள். கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். “நல்லா ஓடுதே தம்பி, ஓடுற வண்டியை எதுக்கு மாத்தணும்?” என்றார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நான் ஒரு கட்டடத்தைக் காட்டினேன்.

[திரையில்: நாலு மாடிக் கட்டடத்தின் படம்]

பெங்களூருவில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தக் கட்டடத்தைத் தெரியும். முப்பதுக்கு நாற்பது சைட், மாடிக்கு ஒரு வீடு, எல்லாக் கதவுக்கும் ஓனர் மொத்தமாக வாங்கிப் போட்ட ஒரே மாடல் பூட்டு. பத்து மாத அட்வான்ஸை மட்டும் தனித்தனியாக வாங்குவார், அது வேறு கதை. ஒரு நாள் அந்தப் பூட்டில் ஒரு கோளாறு தெரியவருகிறது. ஓனர் ஆசாரியை வரவழைத்து மூன்றாம் மாடியில் சரிசெய்கிறார். கீழ் வீட்டுக்காரர் ஓடிவந்து, “எனக்கு?” என்று கேட்கிறார். “உங்க வீட்டுக்கு மெயின்டனன்ஸ் போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு சார்.”

எதிர் டீக்கடையில் திருடன் உட்கார்ந்திருக்கிறான். பூட்டின் கோளாறை அவன் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆசாரி எந்த ஸ்க்ரூவைக் கழற்றினார், எந்தத் தகட்டை மாற்றினார் என்று பார்த்தால் போதும். பழைய பூட்டு எங்கே விட்டுக்கொடுக்கும் என்பது புரிந்துவிடும். அப்புறம் அவன் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறுவானா? கீழ் வீடு இருக்கிறதே!

மூன்றாம் மாடி விண்டோஸ் 11. கீழ் வீடு விண்டோஸ் 10. இரண்டுக்குள்ளும் பொதுவான பழைய ப்ரோக்ராம் கோட் ஏராளம். விண்டோஸ் 11-க்கு ஒரு பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், வந்ததும், பேட்சுக்கு முந்தைய ஃபைலையும் பிந்தைய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று தேடுகிறார்கள். இதற்கு பேட்ச் டிஃபிங் என்று பெயர். நல்லவர்களும் செய்கிறார்கள், கெட்டவர்களும் செய்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். மைக்ரோசாஃப்ட் பேட்ச் விடுவது ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அங்கே காலை பத்து மணி, நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. செவ்வாய் வெறுவாய் என்று என் பாட்டி அன்றைக்குப் புதுத் துணிகூட எடுக்கமாட்டார். மைக்ரோசாஃப்டில் அப்படி ஒரு பாட்டி இல்லை போலிருக்கிறது. மறுநாளுக்கு இந்தத் துறையில் ‘எக்ஸ்ப்ளாய்ட் வெட்னஸ்டே’, அதாவது ஓட்டையைப் பயன்படுத்தி உள்ளே நுழையும் புதன், என்றே பட்டப்பெயர். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்ற பழமொழி திருடர்களுக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்! இந்த இடத்தில் லைக் போடாதவர்கள் பழமொழி தெரியாதவர்கள்.

“இதெல்லாம் சும்மா பயமுறுத்தல்” என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? அது பயன்படுத்திய ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே பேட்ச் வந்துவிட்டது. வைரஸ் பரவியது மே 12. இடையில் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. மறுநாளே மைக்ரோசாஃப்ட், சப்போர்ட் முடிந்து மூன்று வருடமான எக்ஸ்பிக்கும் அவசரமாக ஒரு பேட்ச் விட்டது. அடி வாங்கியது பெரும்பாலும் எக்ஸ்பி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிடையாது, விண்டோஸ் 7. அன்றைக்கு அதற்கு சப்போர்ட் இருந்தது, பேட்சும் இருந்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. ஆகவே ‘ரிமைண்ட் மீ லேட்டர்’ அழுத்தும் விண்டோஸ் 11 நண்பர்களே, நீங்களும் சிரிக்க வேண்டாம்.

“ஆன்டிவைரஸ் இருக்கே?” இருக்கட்டும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளப் பட்டியல் விண்டோஸ் 10-லும் 2028 அக்டோபர் வரை வரும். அது வாட்ச்மேன் கையில் இருக்கும் திருடர்களின் போட்டோ ஆல்பம். பூட்டை அது சரிசெய்யாது.

[திரையில்: செட்டிங்ஸ் பக்கம்]

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்றுக்கொண்டால் மாறிவிடுங்கள், பேச்சே வேண்டாம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸர் பழையது என்று மறுத்தால், விண்டோஸ் 10-க்கே ஈஎஸ்யு என்ற பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை அறிவித்தார்கள். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல்’ என்று வரும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் சிங்க் செய்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். இலவசம் என்றாலும் சும்மா கொடுக்கவில்லை என்பது என் கருத்து, இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் யாராவது, காசு கட்டாமலே விண்டோஸை ஓட்டும் ‘ஆக்டிவேட்டர்’ போட்டுத் தருகிறேன் என்றால் மட்டும் கும்பிட்டுவிட்டு வாருங்கள். முன்பின் தெரியாத ப்ரோக்ராமுக்கு அட்மின் அனுமதி கொடுப்பது, திருடனுக்கே டூப்ளிகேட் சாவி செய்து கொடுக்கிற மாதிரி.

ஜெராக்ஸ் அண்ணனுக்கு இதில் எதுவும் உதவாது, அவரிடம் இருப்பது விண்டோஸ் 7. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலேயே ஓட்டிக் காட்டினேன். பழைய 64 பிட் மெஷின், நான்கு ஜிபி ரேம், ஜம்மென்று ஓடியது. அண்ணன் முகத்தில் சந்தோஷம் வந்து உடனே போயும் விட்டது. கன்னடம் அடிக்க நுடி வேண்டும், அது விண்டோஸ் மென்பொருள். பழைய தமிழ் ஃபான்ட்டான பாமினியில் அடித்த கல்யாணப் பத்திரிகைகளும் அந்த மெஷினில் பல வருஷத்துக்கு இருக்கின்றன.

கடைசியில் என்ன செய்தோம்? அந்த விண்டோஸ் 7 மெஷினில் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டோம். வைஃபை டாங்கிளும் வெளியே. அது இனி டைப் அடிக்கவும் பிரிண்ட் எடுக்கவும் மட்டும். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு பழைய மெஷினில் மின்ட் போட்டு, ஜிமெயிலும் வாட்ஸ்அப்பும் அதில்தான். கஸ்டமர் பென் டிரைவ் முதலில் அதில் செருகப்படும், வேண்டிய பிடிஎஃப் மட்டும் கடையின் சொந்தப் பென் டிரைவில் இந்தப் பக்கம் வரும். முழுப் பாதுகாப்பா? இல்லை, பென் டிரைவ் வழியாகவும் வரும். ஆனால் டீக்கடையிலிருந்து கதவு தெரியாது.

இப்போது வீடியோவை நிறுத்தாமலே ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 10-ல் ‘22எச்2’ என்று வந்தால்தான் ஈஎஸ்யு கிடைக்கும். என்ன வந்தது என்று கமெண்டில் போடுங்கள். எக்ஸ்பி என்று வந்தால் போட்டோவும் அனுப்புங்கள், அதற்குத் தனி வீடியோவே போடுகிறேன்.