கடற்கரை வீட்டில் கணினி அடிக்கடி நின்றுபோனால்: ஃபார்மட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

வணக்கம்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணினி அணைந்து தானாக மீண்டும் எழுவது, நீலத் திரையில் பிழைச் செய்தி தோன்றுவது, சுட்டிகூட நகராமல் எல்லாம் உறைந்து நிற்பது ஆகிய மூன்றையும் நாம் ‘சிஸ்டம் கிராஷ்’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரையிலும், பாம்பனைத் தாண்டி இராமேசுவரம் தீவிலும், இத்தகைய கணினியைக் கண்டதும் பலரும் சொல்லும் யோசனை, ஃபார்மட் செய்துவிடலாம் என்பதே. அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கோளாறு மின்சாரத்திலோ உப்புக் காற்றிலோ இருந்தால், புதிதாக நிறுவிய விண்டோஸும் அதே போல நிற்கும். பிள்ளைகளின் படங்களும், தேர்வு விண்ணப்பங்களும், கருவாட்டு வியாபாரக் கணக்கும் மட்டும் வீணாக அழிந்திருக்கும். ஆகவே, கணினி எழுந்து நிற்கும் நேரத்தில் முதல் வேலையாக முக்கியமான கோப்புகளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள்.

[திரையில்: ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பெட்டி]

கணினி நிற்கும்போது தடயம் எதையாவது விட்டுச் செல்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. பிழைத் திரை தோன்றிய சில நொடிகளில் விண்டோஸ் தானாக மறுதொடக்கம் செய்துகொள்வதால், அதில் எழுதியிருப்பதைப் பலரும் படித்திருக்கவே மாட்டார்கள். இப்போது திரையில் தெரியும் பெட்டியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால், அடுத்த முறை செய்தி அப்படியே நிற்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2025ஆம் ஆண்டுப் புதுப்பிப்புகளைப் பெற்ற விண்டோஸ் 11 கணினிகளில் இத்திரை நீலத்துக்குப் பதிலாகக் கறுப்பாக வரும், பொருள் ஒன்றுதான்.

[திரையில்: ஈவன்ட் வியூவர், ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’]

அடுத்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, ‘கெர்னல்-பவர்’ என்ற பெயரில் 41ஆம் எண் கொண்ட பதிவைத் தேடுங்கள். பெயரில் ‘பவர்’ இருப்பதால் இதை மின் கோளாறு என்றே பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அந்தப் பதிவின் தலைப்பு எதையும் சொல்வதில்லை. உண்மையான செய்தி ‘டீடெயில்ஸ்’ பகுதியில் உள்ள ‘பக்செக்கோட்’ என்ற வரியில் இருக்கிறது. அங்கே 0 இருந்தால், விண்டோஸ் பிழையைப் பதிவுசெய்யக்கூட நேரம் கிடைக்காமல் மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது கணினி உறைந்து நீங்கள் பொத்தானை அழுத்தி அணைத்திருக்கலாம். வேறு எண் இருந்தால், விண்டோஸ் ஏதோ ஒரு பிழையைக் கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்று பொருள். இந்த ஒரு வரி தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

எண் 0 ஆக இருந்தால் மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இருப்பதால் கணினிக்குப் பாதுகாப்பு இருப்பதாக நினைக்கிறோம். ஆனால் வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இரண்டு நிலைகள் உண்டு: ஒன்று ‘யு.பி.எஸ். மோடு’, மற்றொன்று ‘நார்மல் மோடு’ (சிலவற்றில் இதன் பெயர் ‘ஈகோ மோடு’). கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற இரண்டாவது நிலை எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். மின்விசிறிக்கு அது தெரியாது, கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியோ, உள்ளே வரும் மின்சாரம் நின்றபின் ஏறத்தாழ 16 மில்லிநொடி வரை தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. அந்த இடைவெளிக்குள் மாற்றம் நடக்காவிட்டால் கணினி விழுந்துவிடும். மேலும், நார்மல் மோடில் மிகக் குறைந்த வோல்டேஜையும் இன்வெர்ட்டர் அப்படியே உள்ளே அனுப்பும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மாலை நேரத்தில் 160 வந்தால், 200 முதல் 240 வரை மட்டுமே ஏற்கும் மலிவான எஸ்.எம்.பி.எஸ். தடுமாறும். இன்வெர்ட்டரை யு.பி.எஸ். மோடுக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை. என் கருத்தில், பணம் கேட்கும் எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். லோ வோல்டேஜ் தொடர்ந்து இருந்தால், மின்பணியாளரைக் கொண்டு நேரம் குறித்து அளந்து, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் புகார் பதிவு செய்யுங்கள்.

கேபினட்டைத் தொடும்போது கையில் சுருக்கென்று உணர்ந்தால், எர்த் இணைப்பு சரியில்லை என்பதற்கு அது அறிகுறி. உவர் மண்ணில் புதைத்த இரும்புக் குழாய், துத்தநாகப் பூச்சு இருந்தாலும், மற்ற ஊர்களைவிட விரைவில் இற்றுப்போகிறது. இது கணினிக்கு மட்டுமன்றி உயிருக்கும் தொடர்பானது என்பதால், தள்ளிப்போடாமல் சரிசெய்யுங்கள்.

[திரையில்: களிம்பேறிய ராம் முனைகளின் நெருக்கக் காட்சி]

இனி உப்பு. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகுக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு தேவைப்பட்டது. அதே காற்றைத்தான் நம் கணினியின் ஃபேன் நாள் முழுவதும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பொங்கும்போதும், வாடையில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும்போதும், கரையோர வீடுகளுக்குள் நுண்ணிய உப்புத் துகள்கள் வந்து படிகின்றன. காய்ந்த உப்பு பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடுகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீர்த்துப்போகிறது. அப்போது மின்பலகையின் மேல் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது, செம்பு களிம்பேறுகிறது, கணினியின் தற்காலிக நினைவகமான ராமின் முனைகளில் உள்ள தங்கப் பூச்சில் உள்ள நுண்துளைகள் வழியே அரிப்பு உள்ளே இறங்குகிறது. பல மாதம் மழை காணாத நம் பகுதியில் முதல் தூறல் விழும்போது மின்கம்பத்து இன்சுலேட்டர்களில் பொறி பறப்பதற்கும் இதே உப்புப் படலம்தான் காரணம்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. காலையில் முதன்முறை இயக்கும்போது இரண்டு மூன்று தடவை விழுந்து, சூடேறிய பின் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும் கணினியில் ஈரமும் களிம்பும் இருக்கின்றன என்று நான் சந்தேகிப்பேன். ஓடும்போது உள்ளே வெப்பம் இருப்பதால் ஈரம் தங்குவதில்லை. வாரக்கணக்கில் அணைத்தே வைத்திருக்கும் கணினிதான் கடற்கரையில் விரைவாகக் கெடுகிறது.

சுத்தம் செய்யும் முறை எளிது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு ராமை எடுங்கள். அதன் முனைகளையும், ஸ்லாட்டின் உள்ளேயும், 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் துடைத்து, நன்கு உலர விட்டு மீண்டும் பொருத்துங்கள். ரப்பரால் தேய்ப்பது ஊர் வழக்கம். பலன் தரவும் செய்கிறது. ஆனால் அடிக்கடி தேய்த்தால் தங்கப் பூச்சு போய் அடுத்த பருவத்தில் அரிப்பு இரட்டிப்பாகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஈரத்துணி கூடவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

‘மெமரி மேனேஜ்மென்ட்’, ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ போன்ற செய்திகள் மாறிமாறி வந்தால், சுத்தம் செய்த பிறகு ராமைச் சோதியுங்கள். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் தொடக்கத்துக்குப் போதும். பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட் 86 என்ற ராம் சோதனை மென்பொருளை இரவு முழுவதும் ஓட விடுவது அதைவிட நம்பகமானது. பிழை ஒன்று வந்தாலும், இரண்டு ராம்களில் ஒன்றை மட்டும் பொருத்தித் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். ‘கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’ என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ‘சி.ஆர்.சி. எரர்’ (தரவு வரும் வழியில் பிழை) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க்கை இணைக்கும் சேட்டா கேபிளின் முனையே களிம்பேறியிருக்கும். கேபிளை மாற்றினால் போதும், புது டிஸ்க் தேவையில்லை. ‘பெண்டிங் செக்டார்’ (படிக்க முடியாத பகுதிகள்) எண்ணிக்கை ஏறினால் டிஸ்க்கே தேய்கிறது.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இன்டெல் செயலிகள் பலவும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாக வேகத்தைக் குறைத்து, அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். உப்பும் தூசியும் சேர்ந்து செயலியின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்கில் பிசுபிசுப்பாகப் படிந்திருந்தால் அதைத் தூரிகையால் நீக்கி, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூச வேண்டும்.

மென்பொருளும் காரணமாகலாம். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் நீலத் திரையில் நின்றன. அவற்றின் வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லை. தொல்லை எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ நாள்வாரியாகக் காட்டும். அதற்கு முந்தைய நாள் ஒரு டிரைவரோ (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) புதுப்பிப்போ ஏறியிருந்தால், அடிப்படை டிரைவர்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் நுழைந்து அதைப் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள்.

[திரையில்: ‘டிஸ்ம்’, ‘எஸ்.எஃப்.சி.’ கட்டளைகள்]

பிறகு திரையில் தெரியும் இரண்டு கட்டளைகளையும் இதே வரிசையில் இயக்கினால், சிதைந்த விண்டோஸ் கோப்புகள் சரிசெய்யப்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் கணினி விழுந்தால் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். பிழைத் திரையின் படங்களையும், எந்தெந்த நேரத்தில் நின்றது, அப்போது கரண்ட் எப்படி இருந்தது என்று எழுதிய தாளையும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லாமல், முதலில் வேறு ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பொருத்தி உங்கள் வீட்டிலேயே சில நாள் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கடையின் சீரான மின்சாரத்தில் விழாத கணினி, உங்கள் வீட்டில் மட்டும் விழக்கூடும்.