விடையை ஏன் தள்ளிப்போடுகிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். மெதுவாக நகரும் மர்மத் தொடர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அதிலும், நாளைய உலகம் இப்படி ஆகிவிட்டால் என்னாவது என்று வயிற்றில் புளியைக் கரைக்கிற வகை. “நாலு பாகம் பார்த்தாச்சு, ஒன்றுமே நடக்கவில்லையே” என்று பாதியில் எழுந்துவிட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். முக்கியமாக உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறேன். ‘செவரன்ஸ்’. 2022இல் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் தொடங்கியது. எழுதி உருவாக்கியவர் டேன் எரிக்சன். பல பாகங்களை இயக்கியவர் பென் ஸ்டில்லர். ஆமாம், நகைச்சுவைப் படங்களில் நாம் பார்த்த அதே ஸ்டில்லர்தான். கவலைப்படாதீர்கள், மர்மம் எதையும் இங்கே உடைக்கமாட்டேன்.

லூமன் என்று ஒரு நிறுவனம். அங்கே சில பிரிவுகளில் வேலைக்குச் சேருபவர்கள் மூளையில் ஒரு சில்லைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வீட்டு நினைவு அலுவலகத்துக்குள் வராது, அலுவலக நினைவு வீட்டுக்குப் போகாது.

முதல் காட்சியைச் சொல்கிறேன். நீளமான மேசைமேல் ஒரு பெண் குப்புறக் கிடக்கிறாள். மேசையில் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல், “யார் நீங்கள்?” என்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. எந்த மாநிலத்தில் பிறந்தீர்கள்? தெரியவில்லை. ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலத்தின் பெயரைச் சொல்லுங்கள். ‘டெலாவேர்’ என்கிறாள். அது மட்டும் வருகிறது! கடைசியாக, உங்கள் அம்மாவின் கண் என்ன நிறம்? தேடித் தேடிப் பார்க்கிறாள், ஒன்றும் இல்லை. அந்தக் குரல் பாராட்டுகிறது. முழு மதிப்பெண்ணாம். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. அம்மாவின் கண்ணை மறந்ததற்குப் பாராட்டு கிடைக்கிறது, அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மனசு பதறும்.

அடுத்து அந்த லிஃப்ட். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்க் என்பவர் மனைவியைப் பறிகொடுத்தவர். எட்டு மணி நேரமாவது அந்தத் துக்கம் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் இந்த வேலைக்கே வந்திருக்கிறார். காரில் உட்கார்ந்து அழுகிறார். பிறகு லிஃப்டில் ஏறுகிறார். ‘டிங்’ என்று ஒரு சத்தம், முகம் மாறிவிடுகிறது. ஆடம் ஸ்காட் என்ற நடிகர் அதைக் கண்ணிலேயே செய்துவிடுகிறார். இப்போது உள்ளே இருக்கும் மார்க்கின் பக்கம் நின்று யோசியுங்கள். சாயங்காலம் லிஃப்டில் ஏறுகிறார், கதவு திறந்தால் மறுநாள் காலை. மறுபடியும் வேலை. தூக்கம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் வாழ்க்கையிலேயே கிடையாது. இத்தனைக்கும் அவரை அங்கே அனுப்பியது அவரேதான்.

எரிக்சனுக்கு இந்தக் கதை எப்படித் தோன்றியது தெரியுமா? ஒரு கதவு கம்பெனியில் அலுவலக வேலை பார்த்தபோது, அடுத்த எட்டு மணி நேரம் தெரியாமலே ஓடிவிடக்கூடாதா என்று ஆசைப்பட்டாராம். வேலைக்குப் போகிற யார்தான் ஒருநாளாவது அப்படி ஆசைப்படவில்லை? இந்தத் தொடர் நம்மைப் பிடித்து உட்காரவைப்பது அதனால்தான். வேற்றுக்கிரகத்துப் பயத்தைக் காட்டாமல், நாமே மனசுக்குள் கேட்ட வரத்தைக் கொடுத்துப் பார்க்கிறது.

சரி, ஏன் இவ்வளவு மெதுவாக? உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. திரையில் எண்களைப் பார்த்து, பயமூட்டுகிற எண்களைப் பிரித்துத் தள்ளுகிறார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவர்களுக்கு முன்னால் நமக்கு விடை தெரிந்துவிட்டால், நாம் மேலிருந்து பரிதாபப்படுவோம். தெரியாததால் அவர்களோடு உள்ளே மாட்டிக்கொள்கிறோம். திரும்பவும் சொல்கிறேன், அந்த மெதுவான நடைதான் நம்மை உள்ளே வைத்துப் பூட்டுகிறது.

தண்டனையைக்கூடப் பாருங்கள். யாரும் அடிப்பதில்லை. ஓர் அறையில் உட்காரவைத்து மன்னிப்பு வாசகம் ஒன்றைப் படிக்கச் சொல்வார்கள். படித்தால், “நீங்கள் மனதாரச் சொல்லவில்லை, மறுபடியும்.” படித்தால், “மறுபடியும்.” இதை அவசரமாகக் காட்டினால் வெறும் தகவல். நிதானமாகக் காட்டும்போதுதான் நமக்கும் மூச்சு முட்டுகிறது.

வாரம் ஒரு பாகமாக வெளியிட்டதும் நல்ல முடிவு. நடுவிலுள்ள நாட்களில் நாம் யோசிக்கிறோம், வீட்டில் விவாதிக்கிறோம். முதல் பருவம் முடிந்து இரண்டாவது வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. நடுவில் ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் வேறு. அத்தனை காத்திருப்புக்குப் பிறகும் மக்கள் கேள்விகளை மறக்காமல் திரும்பி வந்தார்கள். ஹெல்லியாக, அதாவது அந்த மேசைமேல் கிடந்த பெண்ணாக நடித்த பிரிட் லோயருக்கு அந்த ஆண்டு எம்மி விருதும் கிடைத்தது.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை வருகிறது. 1967இல் பிரிட்டனில் வந்த ‘தி ப்ரிசனர்’ பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வேலையை விட்ட ஓர் உளவாளி, பெயருக்குப் பதில் எண் கொடுக்கும் ஓர் ஊரில் கண்விழிக்கிறார். ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மொத்தம் 17 பாகங்கள். ‘செவரன்ஸ்’ பிடித்தவர்கள் அதையும் தேடிப் பாருங்கள். ஆனால் ஒரே இரவில் முடித்துவிடாதீர்கள், நாளுக்கு ஒன்று போதும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.