சிப்பியில் குழைத்த காவி

நண்பர்களே, வணக்கம். முன்னுரை எதற்கு, நேராக ஒரு குகைக்குப் போய்விடுவோம். தென்னாப்பிரிக்காவின் தென்கடற்கரையில் புளோம்போஸ் என்று ஒரு சின்னக் குகை. 2008-இல் அங்கே அகழாய்வு செய்த கிறிஸ்டோபர் ஹென்ஷில்வுட் குழுவுக்கு இரண்டு பெரிய சிப்பிகள் கிடைத்தன. அபலோன் என்ற கடல்நத்தையின் ஓடு அது. உட்புறம் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். அந்தக் கிண்ணத்தின் அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது காவி. நாம் கோலத்தைச் சுற்றிக் கரை கட்டுகிறோமே, அதே மாதிரிச் செங்காவி.

சும்மா தண்ணீரில் கரைத்து வைத்ததல்ல. காவிக்கல்லைக் கல்லில் உரசிப் பொடியாக்கியிருக்கிறார்கள். எலும்பை நசுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். அதிலுள்ள கொழுப்பு பொடியைப் பிடித்து நிறுத்த உதவியிருக்கும். கொஞ்சம் கரி. அப்புறம் ஏதோ ஒரு திரவம் விட்டுக் குழைத்திருக்கிறார்கள். கிளறியபோது மணல் உரசிய கீறல்கூடச் சிப்பியின் அடியில் இருக்கிறது. வயது சுமார் 1,00,000 ஆண்டு!

ரசம் வைப்பவருக்குத் தெரியும், எதை முதலில் போட வேண்டும், எதைக் கடைசியில் என்று. இந்தச் சாயம் கலக்கியவருக்கும் அது தெரிந்திருக்கிறது.

நான் படித்த காலத்தில் பாடம் வேறு. மனிதன் நம்மைப்போல யோசிக்க ஆரம்பித்தது ஐரோப்பாவில், சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன், திடீரென்று என்பார்கள். அங்கேதான் அதிகம் தோண்டினார்கள்; தோண்டிய இடத்தில்தானே கிடைக்கும்! 2000-இல் சாலி மெக்பிரேர்ட்டி, அலிசன் புரூக்ஸ் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் நீண்ட கட்டுரை எழுதி அதை மறுத்தார்கள். புரட்சி எதுவும் நடக்கவில்லை, ஆப்பிரிக்காவிலேயே ஒவ்வொரு பழக்கமும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காலத்தில் தலைகாட்டியது என்றார்கள். உடம்பும் அப்படித்தான். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த சுமார் 3,00,000 ஆண்டுப் பழைய எலும்புகளில் முகம் ஏறக்குறைய நம் முகம். மண்டையோடு மட்டும் இன்னும் பழைய நீள வடிவம்.

சரி, புளோம்போஸுக்குத் திரும்புவோம். சுமார் 75,000 ஆண்டுப் பழைய மண்ணடுக்குகளில் பாசிமணிகள் கிடைத்தன. பட்டாணி அளவு நத்தை ஓட்டில் ஓட்டை போட்டுக் கோத்தவை. நூல் உரசித் தேய்ந்த இடம் உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரிகிறது. மணி குளிரைத் தாங்காது, வேட்டைக்கும் உதவாது. அடுத்தவர் பார்க்கத்தான் அது. அதிலும் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று: கீழ் அடுக்கில் மணிகளை ஒரு விதமாகக் கோத்திருக்கிறார்கள், மேல் அடுக்கில் வேறு விதமாக. அந்தக் குகையிலேயே ஃபேஷன் மாறியிருக்கிறது.