ரோலில் மிஞ்சிய படங்கள்

(வேலூரில் பழைய மாணவர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

படித்த காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். குரூப் போட்டோவைக் கொண்டுவருவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் கொண்டுவந்திருப்பது எங்கள் வீட்டு நாய், பூனைகளின் படங்கள். குரூப் போட்டோவில் எல்லோரும் விறைத்துக்கொண்டு நிற்கிறோம். அந்த வயதில் எப்படி இருந்தோம், எதைச் சாப்பிட்டோம், எங்கே உட்கார்ந்து படித்தோம் என்பதெல்லாம் அதில் தெரியாது. நாய்ப் படத்தில் தெரிகிறது.

அதற்குக் காரணம் கேமராதான். அன்று பல வீடுகளில் இருந்தது ஆக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு ரோலுக்கு 12 படம். கல்யாணம், காதுகுத்து என்று எடுத்தது போக இரண்டு மூன்று மிஞ்சும். ரோல் முடிந்தால்தானே கழுவக் கொடுக்க முடியும்? சித்தப்பா உடனே, "டேய், அந்த மணியைக் கூப்பிடுடா" என்பார். அந்தக் கேமராவில் ரொம்பக் கிட்டப் போனால் படம் மங்கிவிடும். பத்தடியாவது தள்ளி நிற்க வேண்டும். அதனால் நாய் சின்னதாகவும் வீடு பெரிதாகவும் விழுந்தது. நாயைத்தானே எடுக்கிறோம் என்று வீட்டை யாரும் ஒழுங்குபடுத்தவும் இல்லை.

இந்தப் படத்தைப் பாருங்கள். 1977 ஏப்ரல், வேலப்பாடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டு. தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈர மண்ணில் மணி நீட்டிப் படுத்திருக்கிறான். நம் ஊர் வெயிலில் அந்த ஓரிடம்தான் குளிர்ச்சி, அதைக் கண்டுபிடித்தவன் அவன். வால் மட்டும் புகை மாதிரி கலைந்திருக்கிறது. அவன் ஆட்டிய வேகத்துக்கு ஷட்டர் ஈடுகொடுக்கவில்லை. பின்னால் கயிற்றுக் கட்டில், அதன்மேல் கவிழ்த்து வைத்த லாக் டேபிள், கணக்குப் போட உதவும் மடக்கை அட்டவணைப் புத்தகம். கொடியில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. காலேஜுக்குப் போட அது ஒன்றுதான், ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். பி.யூ.சி. பரீட்சை நேரம், பள்ளி முடித்ததும் டிகிரிக்கு முன்னால் காலேஜில் படித்த ஒரு வருஷப் படிப்பு அது. 1978இல் பிளஸ் டூ வந்தது, அப்புறம் பி.யூ.சி. என்ற படிப்பே போய்விட்டது. அது என்ன படிப்பு என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் நான் விளக்கம் சொல்வதில்லை, இந்தப் படத்தைத்தான் எடுத்து நீட்டுகிறேன்.

வலது ஓரத்தில் ஒரு கை தெரிகிறதா? மணிக்குப் பழைய சோற்றை அலுமினியத் தட்டில் வைக்கும் அம்மாவின் கை. கண்ணாடி வளையல் இரண்டு. அந்த வருஷங்களில் அம்மாவைத் தனியாக யாரும் படம் எடுக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது இந்தக் கை மட்டும்தான்.

தங்கை படித்தபோது கலர் வந்துவிட்டது. அவள் மேஜைமேல் பூனை உட்கார்ந்திருக்கும் படங்களில் அதன் கண் பச்சையாக எரிகிறது. பூனைக் கண்ணின் உள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு, ஃபிளாஷ் பட்டால் அப்படித்தான் விழும். கெட்டுப்போன படம் என்று அவற்றைக் கிழித்தவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அது தாங்கவில்லை. பூனைக்குப் பின்னால் அவள் கையெழுத்தில் டைம்டேபிள் ஒட்டியிருக்கிறதே!

ஆகையால் ஒன்று கேட்கிறேன். வீட்டை மாற்றும்போதும் ஆல்பத்தைக் குறைக்கும்போதும் முதலில் குப்பைக்குப் போவது இந்தப் படங்கள்தான். தயவுசெய்து போடாதீர்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்து செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். தனிப் படமென்றால் பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், நாயின் பெயரையும் வருஷத்தையும் எந்தத் தெரு வீடு என்பதையும் எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தினால் முகத்துப் பக்கம் தடம் விழும். பெயர் மறந்துவிட்டதென்றால் அக்காவையோ அத்தையையோ கேளுங்கள். அந்தப் பூனையின் பெயரை எனக்குச் சொன்னது அத்தைதான். செல்லம்மா. நான் படிக்கப் போன பிறகு, என் கட்டிலில் தினமும் படுத்தது அதுதானாம்.

நன்றி, வணக்கம்.